மாளிகையில் எரிந்த இரவு விளக்கு

ஆலைச் சங்கு ஊதிவிட்டது. வேலை முடிந்து, முகம் கழுவி, வயிற்றுக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டு, தெருவிலே வந்து நிற்கிறான் பாட்டாளி. இரண்டு பக்கம் படிக்கலாம் என்று ஆசை. நூலகத்தை நோக்கி நடக்கிறான். கதவிலே பூட்டுத் தொங்குகிறது! அவன் ஆலைக்குள் நுழைந்த பிறகு திறந்த கதவு, அவன் ஆலையை விட்டு வெளியே வருமுன் மூடப்பட்டுவிட்டது. பகலெல்லாம் யாருக்காகத் திறந்து கிடந்தது அது? பகலிலே ஓய்வு உள்ளவருக்காக! பகலிலே ஓய்வு உள்ளவர் யார்? அதை நாம் சொல்லித்தானா தோழர்களுக்குத் தெரிய வேண்டும்?

மற்ற நூலகங்கள் மூடிக்கிடக்கும் நேரத்தில் என் நூலகம் திறந்திருக்க வேண்டும் என்று உயிலிலே எழுதிவைத்துவிட்டு மாண்டார் ஒருவர். அவர் தொழிற்சங்கத் தலைவர் அல்ல, புரட்சிக்காரரும் அல்ல. பல நூறு ஆண்டுப் பரம்பரைச் செல்வத்தின் கடைசி வாரிசு, ஒரு சீமான்! இத்தாலி நாட்டு வெனிஸ் நகரத்தில், ஜியோவன்னி குவெரினி ஸ்டம்பாலியா என்ற அந்தப் பிரபு 1869ஆம் ஆண்டு காலமானார். கால்வாய்க் கரையில் இருந்த அவருடைய மாளிகை அன்று முதல் பொதுமக்களுடையது.

பிரபுவுக்குப் பல்லாண்டு பாட நாம் இதை எழுதவில்லை. அந்த மாளிகை எப்படி எழுந்தது, எப்படித் திறந்தது, திறந்த பிறகு யார் உள்ளே வந்தார்கள், இனியும் வர முடியுமா என்ற நான்கு கேள்விகளையும் கேட்டுப் பார்க்கவே எழுதுகிறோம்.

தண்ணீர்த் தெரு

வெனிஸ் நகரத்திலே தெருவென்றால் பாதி தண்ணீர். உப்பங்கழியின் நடுவே, சேற்றிலே மரக் கழிகளை நெருக்க நெருக்க அடித்து, அவற்றின்மேல் கல் பரப்பி, கல்லின்மேல் வீடு கட்டினார்கள். அங்கே மாளிகைகளுக்கு இரண்டு வாசல். ஒன்று தரையைப் பார்த்தது. மற்றொன்று தண்ணீரைப் பார்த்தது. சீமான்கள் படகிலே வந்து தண்ணீர் வாசலில் இறங்குவார்கள். சரக்கும் அவ்வழியே வரும்.

சாந்தா மரியா ஃபார்மோசா என்ற திடலுக்கு அருகே, சிறிய கால்வாய் ஒன்றின் ஓரத்தில், குவெரினி குடும்பத்து மாளிகை நிற்கிறது. 16ஆம் நூற்றாண்டுக் கட்டடம். நகரத்தின் பெருங்கால்வாயிலே நின்று மார்தட்டும் மாளிகைகளைப் போல அல்லாமல், ஒதுங்கி நிற்பது.

கட்டடம் ஒதுங்கி நின்றாலும், குடும்பம் ஒதுங்கி நின்ற குடும்பமல்ல. வெனிஸ் குடியரசின் மிகப் பழமையான குடும்பங்களிலே ஒன்று. குடியரசு என்ற சொல்லைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள்! 1297ஆம் ஆண்டிலே பெருமன்றத்தின் கதவை அடைக்கத் தொடங்கினார்கள். இன்னின்ன குடும்பத்தார் மட்டுமே மன்றத்திலே அமரலாம், மற்றவர் கப்பல் கட்டலாம், துடுப்புப் போடலாம், கண்ணாடி உருக்கலாம், வரி கட்டலாம், ஆளமட்டும் கூடாது! அதுதான் அந்நாளையக் குடியரசு.

உரல் விழுந்தது

அடைத்த கதவுக்குள்ளேயும் பூசல் மூண்டது. 1310ஆம் ஆண்டிலே, அன்றைய ஆட்சித் தலைவரைக் கவிழ்க்கச் சில சீமான்கள் சதி செய்தார்கள். பஜமோந்தே தியேபோலோ என்பவரும் மார்கோ குவெரினி என்பவரும் அதிலே முக்கியமானவர்கள். சதி தோற்றது. மார்கோ குவெரினி மாண்டார். தியேபோலோ நாடு கடத்தப்பட்டார். இனி இப்படி ஒன்று நடவாமல் வேவு பார்க்க, பத்துப் பேர் கொண்ட ஒரு மன்றம் அமைக்கப்பட்டது. அதன் பெயரைக் கேட்டாலே வெனிஸ் நடுங்கிற்று, பல நூறு ஆண்டுகள்.

அந்தக் கலகத்தைப் பற்றி வெனிஸ் மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. கலகக்காரர் தெருவழியே பாய்ந்து வந்தபோது, மாடிச் சன்னலிலே நின்ற கிழவி ஒருத்தியின் கையிலிருந்து கல் உரல் விழுந்ததாம். கொடி பிடித்து வந்தவன் தலையிலே விழுந்ததாம். கொடி சாய்ந்ததும் கலகக்காரர் கலைந்து ஓடினராம். என்ன பரிசு வேண்டும் என்று அரசு கேட்டபோது அவள் பொன் கேட்கவில்லை, பட்டம் கேட்கவில்லை. திருநாளிலே தன் சன்னலில் கொடி பறக்கவிட வேண்டும் என்றாள். பிறகு, தன் வீட்டு வாடகையை ஒருநாளும் உயர்த்தக் கூடாது என்றாள்!

சீமான்கள் ஆட்சிக்காக அடித்துக்கொண்ட நாளிலே, ஏழை கேட்டது வாடகை. இந்தக் கிழவியைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் முடிவிலே மீண்டும் அவளிடம் வருவோம்.

தீவு தந்த பெயர்

குவெரினி என்பது குடும்பப் பெயர். ஸ்டம்பாலியா என்பது என்ன? ஒரு தீவு! கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே, ஈஜியன் கடலிலே உள்ள ஆஸ்டிபலையா தீவைத்தான் வெனிஸ்காரர் ஸ்டம்பாலியா என்றழைத்தார்கள். அதை ஆண்டது இந்தக் குடும்பம். இன்றும் அத்தீவின் குன்றிலே நிற்கும் கோட்டைக்குக் குவெரினி பெயர்தான். 1537ஆம் ஆண்டு துருக்கிக் கப்பற்படை வந்தது, தீவு போயிற்று. ஆனால் பெயரை மட்டும் குடும்பம் விடவில்லை. மண் போனாலும் பட்டம் போகக் கூடாதல்லவா!

மாளிகைக்கான செல்வம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், இந்தக் கடற்கணக்கைத்தான் புரட்ட வேண்டும். வெனிஸின் செல்வம் கடல்வழி வந்த செல்வம். நம் தென்னாட்டு மலையாளக் கரையிலே விளைந்த மிளகு, அரபுநாட்டு வணிகர் கைமாறி, அலெக்சாந்திரியாவிலே வெனிஸ் கப்பலில் ஏறி, ஐரோப்பாவெங்கும் பொன் விலைக்கு விற்றது. கொடி பறித்தவன், மூட்டை சுமந்தவன், துடுப்பு வலித்தவன் ஆகிய இவர்கள் வியர்வையெல்லாம் சேர்ந்துதான் வெனிஸிலே பளிங்கும் பட்டும் படமும் ஆயிற்று. ஆகவே, மாளிகை மக்களுக்குக் கிடைத்தது என்று சொல்லும்போது, திரும்பக் கிடைத்தது என்று படிப்பதே முறை.

விழுந்தது குடியரசு

1797ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், நெப்போலியன் படைக்கு முன்னே, வெனிஸ் பெருமன்றம் தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. கதவடைத்த மன்றத்தின் கதை முடிந்தது. இரண்டாண்டு கழித்து, 1799ஆம் ஆண்டு பிறந்தவர் ஜியோவன்னி குவெரினி. பட்டம் உண்டு, பணம் உண்டு, ஆள ஒரு நாடு இல்லை. பின்னர் வெனிஸ் ஆஸ்திரியாவின் கைக்குப் போயிற்று.

1848ஆம் ஆண்டு மார்ச்சில் வெனிஸ் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். தானியேலே மனின் தலைமையிலே குடியரசு மலர்ந்தது. ஆஸ்திரியப் படை நகரை வளைத்தது. பட்டினி, வாந்திபேதி, குண்டுமழை அத்தனையையும் தாங்கி நின்றார்கள் மக்கள். அந்நாளிலே குவெரினி மாளிகையிலே குடியிருந்தவர் வெனிஸ் நகரத்துத் தலைமை மதகுரு. சரணடைவோம் என்று கேட்கும் விண்ணப்பத்திலே அவர் கையெழுத்திட்டார் என்ற செய்தி பரவிற்று. 1849 ஆகஸ்டில் கூட்டம் மாளிகைக்குள்ளே பாய்ந்து சூறையாடிற்று. அதே மாதத்தில் வெனிஸ் பணிந்தது.

அன்று கோபத்தோடு கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனது மக்கள் கூட்டம். இருபதே ஆண்டிலே, அதே கதவு மக்களுக்கென்று திறந்தது. 1866ஆம் ஆண்டு வெனிஸ் இத்தாலியோடு சேர்ந்தது. 1869ஆம் ஆண்டு பிரபு மாண்டார். அவருக்குப் பின் குடும்பத்திலே வாரிசு இல்லை.

உயில் சொன்னது

வாரிசு இல்லாத செல்வர் செய்வதென்ன என்பதை நாம் அறிவோம். எங்கோ ஒரு மண்டபம், அதிலே ஒரு கல்வெட்டு, கல்வெட்டிலே தன் பெயர்! இவர் வேறு வழி சென்றார். மாளிகை, நூல்கள், படங்கள், நாற்காலி, மேசை, நாணயங்கள், நிலபுலன் அனைத்தையும் ஓர் அறநிறுவனத்துக்கு எழுதிவைத்தார். நல்ல கல்வியையும் பயன்தரும் அறிவுத்துறைகளையும் வளர்ப்பது நிறுவனத்தின் வேலை என்று வகுத்தார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நேரத்தைப் பற்றி எழுதினார். பொது நூலகங்கள் மூடியிருக்கும் நாட்களிலும் மூடியிருக்கும் நேரங்களிலும், முக்கியமாக மாலைக்குப் பிறகு, இந்த நூலகம் திறந்திருக்க வேண்டும் என்றார். நூலகத்துக்குக் கட்டடம் கொடுத்தவர் உலகிலே பலர். நூல் கொடுத்தவரும் பலர். இரவு நேரத்தைக் கொடுத்தவர் எத்தனை பேர்?

இந்தக் குடும்பத்திலே நூலகம் அமைத்தவர் இவருக்கு முன்பும் ஒருவர் உண்டு. 18ஆம் நூற்றாண்டிலே கர்தினாலாகவும் வாத்திகன் நூலகத்தின் பொறுப்பாளராகவும் இருந்த ஆஞ்செலோ மரியா குவெரினி, பிரெஸ்சியா நகர மக்களுக்கு ஒரு நூலகத்தை நிறுவினார். இன்றும் அது அவர் பெயரால் நிற்கிறது.

யாருக்கு அந்த விளக்கு?

இங்கேதான் நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பிரபு எண்ணியது யாரை? உயிலை ஆராய்ந்தால், அவர் மனத்திலே இருந்தவர்கள் படித்தவர்கள், ஆராய்ச்சி செய்பவர்கள் என்பது தெரிகிறது. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அன்றைய இத்தாலியில் ஏறத்தாழ பத்துப் பேரில் ஏழு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படகோட்டிக்கும், மீன் பிடிப்பவனுக்கும், கண்ணாடிச் சூளைத் தொழிலாளிக்கும், மணி கோக்கும் பெண்ணுக்கும் விளக்கு எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன? எழுத்தே இருட்டாக இருக்கும்போது மேசை விளக்கு எதைக் காட்டும்?

ஆகவே, பிரபு ஏழைக்குக் கோயில் கட்டினார் என்று நாம் சொல்லமாட்டோம். அது பொய்யாகும். ஆனால் ஒன்று சொல்வோம். எழுத்து பரவப் பரவ, பள்ளிக்கூடம் பெருகப் பெருக, அந்த இரவு நேரம் யாருக்குப் பயன்பட்டது? பகலிலே கடையிலும் அலுவலகத்திலும் வேலை பார்த்துவிட்டு மாலையிலே படிக்க வந்தவனுக்கு! வீட்டிலே இடமில்லாத மாணவனுக்கு! பிரபு எவரை நினைத்து எழுதினாரோ, அந்த எல்லைக்குள் அவருடைய வாக்கியம் அடங்கி நிற்கவில்லை. உரிமையென்று ஏட்டிலே ஒருமுறை எழுதிவிட்டால், பின்னே வருகிறவன் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவான். ஏட்டின் வலிமை அது.

இன்று நகரத்தின் பழைய பகுதிக்குரிய பொது நூலகமாகவும் குவெரினி நூலகம் பணியாற்றிவருகிறது. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் உள்ளன.

சுவரிலே மக்கள்

நூலகத்துக்கு மேல் மாடியிலே காட்சியகம். 15ஆம் நூற்றாண்டு ஓவியர் ஜியோவன்னி பெல்லினி தீட்டிய, குழந்தை இயேசுவைக் கோயிலிலே ஒப்படைக்கும் படம் அங்கே புகழ்பெற்றது. உலகெங்கிலுமிருந்து அதைக் காண வருகிறார்கள். நாமும் காண வேண்டியதுதான். ஆனால் நம் தோழர்கள் அங்கே சென்றால், வேறோர் அறையிலே அதிக நேரம் நிற்பார்கள் என்று எண்ணுகிறோம்.

18ஆம் நூற்றாண்டிலே கப்ரியேலே பெல்லா என்ற ஓவியர் வெனிஸ் வாழ்க்கையை 60க்கும் மேற்பட்ட படங்களாகத் தீட்டினார். கலை நுட்பத்திலே பெல்லினிக்கு அருகே நிற்கக் கூடியவரல்லர். ஆனால் அவர் படத்திலே கூட்டம் இருக்கிறது! பெண்கள் துடுப்பு வலித்துப் படகுப் போட்டியிடுகிறார்கள். உப்பங்கழி உறைந்து கிடக்க, அதன்மேல் மக்கள் நடக்கிறார்கள். ஒரு பாலத்தின்மேல் முட்டிச் சண்டை நடக்கிறது. கப்பல் கட்டும் தளத்துத் தொழிலாளர் சேர்ந்த கட்சி ஒரு பக்கம், மீனவர் சேர்ந்த கட்சி மறுபக்கம். கைப்பிடியில்லாத பாலத்தின்மேல் ஒருவரையொருவர் குத்தித் தண்ணீரிலே தள்ளுகிறார்கள்.

சீமான்கள் சன்னலிலே நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஏழையும் ஏழையும் மோத, பணம் படைத்தவன் கைதட்டும் விளையாட்டு! 1705ஆம் ஆண்டு அரசு அதைத் தடுத்தது. அந்தப் படம் இன்று தொங்குவதோ, சன்னலிலே நின்று பார்த்த வகுப்பாரின் மாளிகையிலே. பார்த்து நிற்பவர்களோ, பாலத்திலே நின்று மோதினவர்களின் பேரப்பிள்ளைகள். காலம் செய்யும் வேடிக்கை இதுவல்லவா?

தண்ணீருக்கும் இடம்

மாளிகையின் பிற்காலத்திலே நாம் மதிக்க வேண்டிய ஒருவர் உண்டு. ஜீனோ லுத்சாத்தோ என்ற பொருளாதார வரலாற்றறிஞர், சோஷலிஸ்ட். வெனிஸின் வணிகத்தை, வட்டியை, வரியை ஆராய்ந்து எழுதியவர். யூதராகப் பிறந்த ஒரே காரணத்தால், 1938ஆம் ஆண்டின் இனவெறிச் சட்டங்கள் அவரைப் பேராசிரியர் பதவியிலிருந்து துரத்தின. பாசிசம் வீழ்ந்த 1945ஆம் ஆண்டிலே, துரத்திய கல்லூரிக்கே தலைவராகத் திரும்பினார். குவெரினி அறநிறுவனத்தின் தலைவராகவும் விளங்கினார். மாளிகையின் கீழ்த்தளத்துக் கூடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சீமான் வீட்டுக் கூடத்துக்குச் சோஷலிஸ்ட் பெயர்!

அந்தக் கீழ்த்தளம் ஒரு காலத்திலே பாழாகிக் கிடந்தது. கால்வாயிலே ஏற்றம் வந்தால் தண்ணீர் உள்ளே வரும். 1961 முதல் 1963 வரை, கார்லோ ஸ்கார்பா என்ற கட்டடக் கலைஞர் அதைத் திருத்தியமைத்தார். தண்ணீரை அடைத்து நிறுத்த அவர் பெருஞ்சுவர் எழுப்பவில்லை. வரட்டும் என்றார். தண்ணீர் வாசல் வழியாக ஏற்றநீர் நுழையவும், படிகளிலே ஏறவும், தரையோரத்து வாய்க்காலிலே ஓடவும், இறங்கும்போது திரும்பிப் போகவும் வழி செய்தார். நடப்பவருக்கு அதற்கு மேலே உயர்த்திய கல் பாதை. வெளியே கால்வாயின்மேல் மரமும் இரும்பும் பித்தளையும் கொண்ட மெல்லிய பாலம். அது முன்பு சன்னலாக இருந்த இடத்திலே போய்ச் சேர்கிறது. சன்னல் வாசலாயிற்று! கல் தச்சரும் கொல்லரும் மரத் தச்சரும் சாந்து பூசுவோரும் தங்கள் கைத்திறனையெல்லாம் அங்கே காட்டியிருக்கிறார்கள்.

வேலை முடிந்து மூன்றாண்டிலே, 1966 நவம்பர் 4ஆம் நாள், 194 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறிற்று கடல். நகரம் அதுவரை கண்டறியாத வெள்ளம். 2019 நவம்பரிலே மீண்டும் 187 சென்டிமீட்டர். அந்த வெள்ளத்தின்போது நகரத்து இளைஞர்கள் வரிசையாய் நின்று நனைந்த நூல்களைக் கைமாற்றிக் காப்பாற்றினார்கள். இப்போது கழிமுகத்திலே எழும் இரும்புக் கதவுகள் வந்துவிட்டன. 2020 அக்டோபர் 3ஆம் நாள் முதல்முறையாக வெள்ளத்தைத் தடுத்தன.

எஞ்சிய கேள்வி

கடலுக்குக் கதவு போட்டாயிற்று. ஆனால் வேறோர் ஏற்றம் நகரத்தை மூழ்கடித்துக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் வாடகை!

1951ஆம் ஆண்டில் வெனிஸின் பழைய நகரப் பகுதியிலே ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022ஆம் ஆண்டில் அந்த எண்ணிக்கை 50,000க்குக் கீழே விழுந்தது. நகரத்து மருந்துக் கடை ஒன்றின் சன்னலிலே, எஞ்சியவர் எத்தனை பேர் என்று காட்டும் எண் பலகை வைத்திருக்கிறார்கள். நோயாளியின் நாடி பார்ப்பது போல! குடியிருந்த வீடுகள் பயணியர் தங்கும் அறைகளாயின. ஒரு குடும்பத்திடம் மாதம் முழுவதும் வாங்கும் வாடகையைவிட, நாளுக்கொரு பயணியிடம் அதிகம் கறக்கலாம் என்றால், வீட்டுக்காரன் எதைத் தேர்ந்தெடுப்பான்? உணவகத்திலே தட்டுக் கழுவுபவனும், விடுதியிலே படுக்கை விரிப்பவளும் நிலப்பக்கத்து மெஸ்திரேயிலே குடியிருந்து, காலையிலே வந்து மாலையிலே திரும்புகிறார்கள். 2024 ஏப்ரலில், குறிப்பிட்ட நாட்களில், பகலிலே வந்துபோகும் பயணியரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது நகராட்சி. வாழும் ஊருக்கு நுழைவுச் சீட்டா? காட்சியகத்துக்கல்லவா சீட்டு? ஊரே காட்சியகமாகிவிட்டது என்றுதானே அதற்குப் பொருள்!

இப்போது அந்தக் கிழவியை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். எழுநூறு ஆண்டுக்கு முன், உரலைத் தள்ளிய கிழவி என்ன கேட்டாள்? வாடகையை ஏற்றாதே என்று கேட்டாள். அவள் அறியாதவளல்லள்! ஊரிலே குடியிருக்க முடிந்தவனுக்குத்தான் கொடி, திருநாள், நூலகம் எல்லாம். குடியிருக்க முடியாதவனுக்கு, இரவு முழுவதும் விளக்கு எரிந்தாலும் அது வேற்றூர் விளக்கு.

வெனிஸ் மாளிகை நமக்குச் சொல்லும் பாடத்தை இப்படித் தொகுத்துக்கொள்வோம். கதவு திறக்க வேண்டும். அது முதல் படி. உழைப்பவன் வரக்கூடிய நேரத்திலே திறந்திருக்க வேண்டும். அது இரண்டாம் படி. வருவதற்கு அவன் அருகிலே வாழ வேண்டும். அது மூன்றாம் படி. முதல் இரண்டையும் ஓர் உயில் தர முடிந்தது. மூன்றாவதைத் தர எந்தச் சீமானின் உயிலாலும் ஆகாது. அதை மக்கள்தான் கேட்டுப் பெற வேண்டும். கிழவி கேட்டதைப் போல.

தோழர்களே! நாளை மாலை வேலை முடிந்து திரும்பும்போது, உங்கள் ஊர் நூலகத்தின் வாசலிலே ஒரு நிமிடம் நில்லுங்கள். நேரப் பலகையைப் படியுங்கள். அந்த நேரம் உங்களுக்கா, வேறு யாருக்கா என்று பாருங்கள். உங்களுக்கில்லை என்றால், எழுதிக் கேளுங்கள். கூடிக் கேளுங்கள். 1869ஆம் ஆண்டிலே ஒரு பிரபுவுக்குத் தோன்றிய நியாயம், இந்நாளிலே ஓர் ஊராட்சிக்குத் தோன்றாமலா போய்விடும்?